ஒரே பட்டறையில் பிறந்த சுத்தியலும் கோடாரியும்: ‘காட் ஆஃப் வார்: ரக்னராக்’கில் க்ராடோஸும் தோரும்

எச்சரிக்கை முதலில்: கதையின் முடிச்சுகள் எல்லாமே கீழே அவிழ்கின்றன. இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

2018-இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ வீடியோ ஆட்டத்தை முடித்தபின் அதன் நாயகன், கிரேக்கத்திலிருந்து வந்த போர்க்கடவுள் க்ராடோஸின் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஒரு ரகசியக் காட்சி வரும். வாசலில் முக்காடு போட்ட ஒருவன். மேலாடை விலகினால் இடுப்பில் சுத்தியல், அதைச் சுற்றி மின்னல்: வட ஐரோப்பிய நார்ஸ் புராணத்து இடிக்கடவுள் தோர். அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். அன்று தொடங்கிய ‘யார் ஜெயிப்பார்’ விவாதத்துக்கு 2022 நவம்பர் 9-இல் வெளியான ‘ரக்னராக்’ பதில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது, ஆனால் பாதிதான். இரண்டு முறை மோத விட்டு, இரண்டு முறையும் தீர்ப்பைக் கதையின் கையில் கொடுத்துவிட்டது. மீதிப் பாதியை ஆயுதம், தூரம், உடல்வலு ஆகியவற்றை வைத்து நாமேதான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கணக்கை உடல்வலுவில் தொடங்குவதுதான் வழக்கம். இவன் எந்த மலையைத் தூக்கினான், அவன் எந்தப் பாம்பை அடித்தான் என்று பட்டியல் போடுவார்கள். இந்த ஜோடிக்கு அந்த வழி உதவாது. பட்டறையிலிருந்து தொடங்க வேண்டும். தோரின் மியோல்னிர் சுத்தியலை அடித்துக் கொடுத்தவர்கள் ப்ராக், ஸிண்ட்ரி என்ற குள்ளர் சகோதரர்கள். அந்தச் சுத்தியலால் தோர் அரக்கர் குலத்தையே ஒழித்துக்கட்டியதைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி தாங்காமல், அதற்கு எதிராக அவர்களே அடித்த ஆயுதம்தான் பனியின் வலுக் கொண்ட லெவியத்தான் கோடாரி. முதலில் அது க்ராடோஸுக்காகச் செய்ததல்ல, அவன் மனைவி ஃபேயிக்காகச் செய்தது. ஃபேயும் தோரும் மோதிய இடம் வானஹைம் உலகில் இன்றும் உறைந்த மின்னலாக நிற்கிறது. இடிக்கும் பனிக்கும் நடுவில் எது பெரியது என்ற கேள்விக்கு க்ராடோஸ் தோரோடு மோதுவதற்கு முன்பே ஒரு சமநிலை முடிவு பதிவாகிவிட்டது என்று பொருள்.

ஆகவே ஆயுதத்துக்கு ஆயுதம் என்றால் சரிக்குச் சரி. இரண்டையும் எறியலாம், இரண்டும் கைக்குத் திரும்பும், திரும்பும் வழியில் நிற்பவனை அடிக்கும். மார்வெல் தோரிடம் உள்ள ‘தகுதி உள்ளவன்தான் தூக்கலாம்’ என்ற விதி இந்தச் சுத்தியலுக்குக் கிடையாது. அந்த விதியை இங்கே கொண்டுவந்து வாதாடுபவர்கள் வேறு தோரைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தத் தோருக்குச் செந்தாடி, பெருந்தொப்பை, எந்நேரமும் குடி. செந்தாடி மட்டும் பழைய நார்ஸ் கதைகளிலேயே உள்ளது. வெளிர்முடி அழகன் பிற்காலத்துக் காமிக்ஸ் சரக்கு. ரயன் ஹர்ஸ்டின் குரல் இந்த உருவத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. அவர் கத்துவதே அபூர்வம். சலிப்போடு மெதுவாகப் பேசும் இடங்களில்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இனி முதல் மோதல். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, ‘சர்வைவிங் ஃபிம்பல்விண்டர்’ என்ற முதல் அத்தியாயத்தின் முடிவில் இது வந்துவிடுகிறது. கைவசம் கோடாரியும், சங்கிலியில் கட்டிய கேயாஸ் வாள்களும், கார்டியன் ஷீல்டு என்ற கேடயமும் மட்டும்தான். திறன்கள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பலர் இங்கே திணறுவதற்குக் காரணம் தோரின் வேகம் அல்ல. இந்த ஆட்டத்தின் கேமரா க்ராடோஸின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால் முதுகுப்பக்கம் எதுவும் தெரியாது. தோர் சுத்தியலை எறிகிறான், நீங்கள் விலகுகிறீர்கள், தப்பித்தோம் என்று கோடாரியை ஓங்கும்போது சுத்தியல் பின்னாலிருந்து திரும்பி வந்து முதுகில் விழுகிறது. எறிந்தால் இரண்டு அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு விலகல், வரும்போது ஒரு விலகல், அதற்குப் பிறகுதான் உங்கள் முறை. ஹெட்ஃபோனோடு ஆடினால் பின்னாலிருந்து வரும் ஓசையே பாதி வேலையைச் செய்துவிடும்.

எதிரி அடிக்குமுன் தோன்றும் வண்ண வளையங்களைப் படிக்கத் தெரியாமல் இந்தச் சண்டையைத் தாண்டுவது கடினம். மஞ்சள் வளையம் தெரிந்தால் ஷீல்டைச் சும்மா தூக்கிப் பிடிக்கக் கூடாது, தடுப்பு உடைந்து தள்ளாடுவீர்கள். அடி விழும் நொடிக்குச் சற்று முன் எல்1 பட்டனைத் தட்டி எதிர்த்தடுப்பு செய்ய வேண்டும், இல்லையேல் விலக வேண்டும். சிவப்பு என்றால் எந்தத் தடுப்பும் செல்லாது, விலகல் மட்டும்தான். தோர் எம்பிக் குதித்துத் தரையில் சுத்தியலை இறக்குவது சிவப்பு வகை. அதற்கு பின்னோக்கி விலகுவது பொதுவான தவறு. அடி விழுந்த இடத்திலிருந்து மின்னல் தரையில் பரவுகிறது, பின்னால் போனாலும் காலைப் பிடிக்கும். எக்ஸ் பட்டனை இரண்டு முறை தட்டிப் பக்கவாட்டில் உருண்டுவிடுங்கள். சுத்தியலைத் தரையில் அடித்து நேர்கோட்டில் அனுப்பும் மின்னலுக்கும் இதே மருந்துதான்.

எப்போது அடிப்பது? குதித்து இறங்கியபின் அவன் நிமிர்வதற்குள் கோடாரியால் இரண்டு, மூன்று அடி. நான்காவதுக்கு ஆசைப்பட்டால் பெரும்பாலும் முழங்கை முகத்தில் விழும். கேயாஸ் வாள்கள் நீளமானவை, கும்பலை விரட்டக் கச்சிதம். ஆனால் அவற்றின் லேசான வீச்சுகள் தோரின் தாக்குதலைப் பாதியில் நிறுத்துவதில்லை. வீசிக்கொண்டிருக்கும்போதே வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். கோடாரியை முதன்மையாக வைத்துக்கொண்டு, அவன் தொலைவுக்குப் போனால் எறிந்து வாங்குவதே லாபம். எல்3, ஆர்3 (இரு குச்சிகளையும் உள்ளே அழுத்துவது) இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் ஸ்பார்ட்டன் ரேஜ் என்ற ஆவேச நிலையில் ஒவ்வொரு குத்தும் கொஞ்சம் உயிரை மீட்டுத் தரும். எனவே அதைத் தாக்குதல் என்று நினைக்காமல் மருந்துப் பெட்டி என்று நினைத்து, உயிர்ப்பட்டை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்வரை தொடாமல் வையுங்கள்.

நடுவில் ஓர் இடத்தில் க்ராடோஸ் செத்துவிடுவான். நீங்கள் தோற்றபோது வரும் அதே திரை வரும். பதறிப் பட்டனைத் தட்ட வேண்டாம், தவறு உங்களுடையதல்ல. சண்டை எப்போது முடிவது என்பதைத் தான்தான் தீர்மானிப்பேன் என்று சொல்லி, தோரே சுத்தியலின் மின்னலை நெஞ்சில் பாய்ச்சி அவனை எழுப்பிவிடுவான். ஆட்டத்தின் தோல்வித் திரையையே வில்லன் கையில் கொடுத்த இந்த ஒரு தந்திரம், தோர் எத்தனை பெரியவன் என்பதை நூறு வசனத்தைவிட நன்றாகச் சொல்கிறது. யார் ஜெயித்தார் என்ற வாதத்தில் தோர் பக்கத்தாரின் துருப்புச்சீட்டும் இதுவே. இதயம் நின்றது, சண்டை முடிந்தது, மிச்சமெல்லாம் தோர் போட்ட பிச்சை என்பார்கள்.

அதை அப்படியே ஏற்பதில் ஒரு சிக்கல் உண்டு. க்ராடோஸுக்குச் சாவு புதிதல்ல. 2005 ஆட்டத்தில் ஏரீஸ் எறிந்த தூண் உடலைத் துளைத்துச் செத்தவன், பாதாளத்திலிருந்து ஏறி வந்து அதே ஏரீஸைக் கொன்றான். 2007-இல் ஸ்யூஸ் ஒலிம்பஸ் வாளால் குத்தினான், அப்போதும் திரும்பி வந்தான். இவனைச் சாய்ப்பது வேறு, இவன் கணக்கை முடிப்பது வேறு. மேலும் அந்தக் காட்சிவரை அவன் மனமிழந்து சண்டை போடுகிறான். தோரின் தந்தை ஓடின் வீட்டுக்கே வந்து சமாதானம் பேசி, மறுப்புக் கிடைத்தபின் தொடங்கிய சண்டை அது. வெற்றி அவனுக்கு வேண்டியதில்லை, மகனிடம் திரும்பிப் போனால் போதும். தோருக்கோ பழைய க்ராடோஸைப் பார்க்க ஆசை, கடவுள்களை வரிசையாகக் கொன்றவனை. அவனைச் சீண்டி வெளியே கொண்டுவருவதற்காகத்தான் எழுப்பிவிடுகிறான். எழுந்தவன் கோடாரியை முகத்தில் இறக்குகிறான், ஒரு பல் தெறிக்கிறது, தோர் திருப்தியாகச் சிரித்துவிட்டு, 2018 ஆட்டத்தில் இறந்த தன் மகன்கள் மாக்னி, மோடி ஆகியோருக்கான இரத்தக் கடன் தீர்ந்தது என்று கிளம்பிவிடுகிறான். தோரின் கை ஓங்கிய சமநிலை என்று இதை மதிப்பிடலாம். அதற்கு மேல் இழுப்பது பிடிவாதம்.

இரண்டாம் மோதல் கடவுள்களின் உலகமான ஆஸ்கார்டில், ரக்னராக் என்ற இறுதிப் போரின் நடுவே. இப்போது கணக்கு மாறியிருக்கிறது, காரணம் ட்ராப்னிர் ஈட்டி. ஓடினின் பெருகும் மோதிரத்திலிருந்து, எதிர்கால அசைவைப் படிக்கும் காவல் கடவுள் ஹைம்டாலை முறியடிப்பதற்காகச் செய்யப்பட்ட ஆயுதம் அது. எறிய எறியப் புதிது கையில் வரும், எறிந்தவை எதிரி உடலிலும் தரையிலும் குத்தி நிற்கும், முக்கோணப் பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒருசேர வெடிக்கும். தோருக்கு எதிராக இதன் பயன் வெடிப்பில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. கோடாரியை எறிந்தால் அது திரும்பும்வரை கை வெறுமை. தோருக்கும் அதே நிலைதான், சுத்தியல் திரும்பும்வரை அவனிடம் இருப்பது முட்டி மட்டும். ஈட்டிக்காரனுக்கு அந்த வெற்று நேரமே கிடையாது. சுத்தியல் அவன் கையைவிட்டுப் போனதும் மூன்று ஈட்டிகளைச் செருகிவிட்டு, திரும்பும் சுத்தியலுக்கு விலகி, பிறகு வெடிக்கச் செய்யுங்கள். முதல் மோதலில் உயிரை வாங்கிய அதே எறிதல் இங்கே அவனுக்கே பாரமாகிறது.

ஷீல்டு விஷயத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று. முதல் மோதலுக்குப் பின் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் இரண்டில் ஸ்டோன்வால் கனமானது, அடி வாங்கி வாங்கிச் சக்தி சேர்த்துத் திருப்பி அறையும், ஆனால் எதிர்த்தடுப்பு செய்யாது. டான்ட்லெஸ் சரியான நேரத்தில் தட்டினால் எதிரியைத் திடுக்கிட வைக்கும். கும்பல் சண்டைக்கு முன்னது சுகம். தோர் போல மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி வீசும் ஒற்றை எதிரிக்கு டான்ட்லெஸ்தான். நேரம் பிடிபடாதவர்கள் எதிர்த்தடுப்பையே மறந்துவிட்டு விலகலை மட்டும் நம்பினாலும் கரையேறலாம், கொஞ்சம் நேரம் கூடுதலாகும்.

இந்தச் சண்டையில் க்ராடோஸ் தெளிவாக மேலே போகிறான், தோர் மண்டியிடுகிறான், க்ராடோஸ் கொல்லாமல் நிறுத்துகிறான். பிள்ளைகளுக்காகவாவது நாம் திருந்த வேண்டும் என்கிறான். ஓடின் வந்து கொல்லச் சொல்ல, தோர் முதல் முறையாகத் தந்தைக்கு மறுப்புச் சொல்ல, ஓடினின் ஈட்டி தோரின் உயிரைக் குடிக்கிறது. எழுத்தாக இது அருமை. மோதலின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் சற்று முன்புதான் தோர் உலகப்பாம்பு யோர்முங்கந்தரோடு மோதி, அதைக் காலத்தின் பின்னால் போய் விழும்படி அடித்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு மனிதன் மலையை உடைத்துவிட்டு வந்து மல்யுத்தம் செய்தால் அந்த மல்யுத்தத்தின் முடிவுக்கு என்ன மதிப்பு? போரின் பரபரப்பில் இந்தச் சண்டை சுருங்கிப்போனதும் குறைதான். முதலாவதற்குக் கிடைத்த மூச்சுவிடும் இடமும் தனிமையும் இதற்கு இல்லை.

சரி, கதையை ஓரங்கட்டிவிட்டு நியாயமான களம் ஒன்று போடுவோம். உறைந்த ஏரி, சுற்றிலும் யாரும் இல்லை. தோர் குடிக்காமல் இருக்கிறான், பாம்பை அடித்த களைப்பு இல்லை. க்ராடோஸிடம் கோடாரி, வாள்கள், ஈட்டி, ஷீல்டு நான்கும் உண்டு, தயக்கம் இல்லை. மகன் அட்ரியஸின் அம்பு கிடையாது, கூடவே வரும் துணைவன் மிமிரின் யோசனையும் கிடையாது.

முதல் சில நிமிடம் தோருடையது. சுத்தியலின் வேகத்தில் அவன் தூரத்தை ஒரே பாய்ச்சலில் கடப்பான். க்ராடோஸ் கால்நடையாக மட்டுமே நகர்பவன். ஒற்றை அடியின் கனத்திலும் தோர்தான் மேல். உலகப்பாம்புக்கு விழுந்த அடிக்கு இணையாக நார்ஸ் காலத்து க்ராடோஸ் செய்து காட்டியது எதுவும் இல்லை. கிரேக்கக் காலத்து க்ராடோஸைக் கொண்டுவந்தால் பேச்சு மாறும். 2010 ஆட்டத்தில் மலையளவு டைட்டனான க்ரோனோஸ் இரு விரல்களுக்கு நடுவில் நசுக்கியபோது எதிர்த்துத் தள்ளியவன் அவன். ஆனால் அந்தக் க்ராடோஸிடம் ஷீல்டு இல்லை, பொறுமையும் இல்லை. கோபத்தில் முன்னே பாய்ந்து அடிப்பவனுக்குத் தோர் மிகப் பொருத்தமான எதிரி; எதிர் அடிக்காகவே காத்திருப்பான்.

அதனால் தாடி நரைத்த க்ராடோஸையே நிறுத்துவது நல்லது. நேரம் ஆக ஆகத் தராசு அவன் பக்கம் சாயும். தோர் சண்டை போடும் முறையில் ஒரு பழக்கம் இருக்கிறது: எதிரியின் ஆத்திரத்தை ரசிக்க அடிக்கு அடி நிறுத்திப் பேசுவான். அப்படி நிறுத்திய ஒவ்வொரு முறையும் க்ராடோஸ் எதையாவது கற்றுக்கொள்கிறான். எந்த அடியும் உறைக்காத பால்டரை 2018-இல் வென்றதும் வலுவால் அல்ல, அவனுடைய காப்பு உடைந்தபின்புதான். ஆயுத எண்ணிக்கையும் அப்படியே. தோருக்குச் சுத்தியல் ஒன்று. அது வானில் இருக்கும் நேரத்தை ஈட்டி தின்றுவிடும், கைக்கு வந்தபின் ஷீல்டு வேலை செய்யும், நெருங்கினால் கோடாரி. பத்து மோதல் வைத்தால் ஆறு க்ராடோஸுக்கு. மற்ற நான்கும் முதல் இரண்டு நிமிடத்திலேயே முடிந்திருக்கும், தோருக்குச் சாதகமாக. ஈட்டியை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

ஆட்டமாக வாங்குவது பற்றி. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் ஓடும். இந்தச் சண்டைகளுக்காகவே என்றால் தெளிவைவிட வேகம் முக்கியம். பிளேஸ்டேஷன் 5-இல் நொடிக்கு 60 ஃப்ரேம் தரும் பெர்ஃபார்மன்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். 4கே தெளிவில் 30 ஃப்ரேமில் ஆடினால் எதிர்த்தடுப்பின் நேரம் பிடிபடுவதற்குள் பாதி இரவு போய்விடும். கணினிப் பதிப்பு 2024 செப்டம்பர் 19-இல் வந்தது. எஸ்எஸ்டியில் 190 ஜிபி இடம் கேட்கிறது, வெளியீட்டு நாளில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கும் கட்டாயமாக இருந்து எரிச்சலூட்டியது; 2025-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்து கடின நிலைகளில் முதல் ஓட்டத்துக்கு நடுவில் உள்ள ‘கிவ் மீ பேலன்ஸ்’ போதும். மேலே போனால் தோரின் ஒவ்வொரு அடியும் பாதி உயிரைக் குடிக்கும், கற்றுக்கொள்ள அவகாசமே இருக்காது.

2023 டிசம்பர் 12-இல் இலவசமாக வந்த ‘வல்ஹல்லா’ இணைப்பில் க்ராடோஸ் தன் கிரேக்கப் பாவங்களோடு மல்லுக்கட்டுகிறான். ஒலிம்பஸ் வாள்கூடத் திரும்புகிறது. ஆனால் தோரோடு மறுமோதல் வேண்டும் என்று அதைத் திறந்தால் ஏமாற்றம்தான். அங்கே எதிரே நிற்பவன் நார்ஸ் போர்க்கடவுள் டிர்.

தோரை மறுபடி சந்திக்க இரண்டே வழி. ஒன்று, முடித்த ஆட்டத்தைச் சேர்த்த ஆயுதங்களோடு மறுபடி தொடங்க 2023 ஏப்ரலில் சேர்த்த நியூ கேம் பிளஸ். அதில் கிடைக்கும் ஸ்யூஸ் கவசம் உங்கள் அடியை ஏற்றும், நீங்கள் வாங்கும் அடியையும் ஏற்றும். அதைப் போட்டுக்கொண்டு தோர் முன் நின்றால் மேலே சொன்ன ‘முதல் இரண்டு நிமிடம்’ எப்படி இருக்கும் என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, இறுதிப் போரைத் தொடங்கிவைக்கும் யாலார்ஹோர்ன் கொம்பை ஊதுவதற்கு முன் தனி இடத்தில் ஒரு கைச்சேமிப்பு போட்டு வைப்பது. தானியங்கிச் சேமிப்பை நம்பாதீர்கள். கதை முடிந்தபின் உலகங்களில் சுற்ற விடுவார்கள், ஆனால் எந்த உலகத்திலும் தோர் இருக்கமாட்டான்.